பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்கத் தொடங்குபவருக்கு: எந்த இசைத்தட்டு முதலில், எது பிறகு

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகையான புளூஸைப் பாடிய பெஸ்ஸி ஸ்மித்தின் பெயரை எங்கோ படித்துவிட்டு, அவருடைய பாடல்களின் முழுத் தொகுப்பைத் தேடிப் பிடித்து, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க உட்காருபவர்கள் பலர் நாலாவது பாட்டில் எழுந்துவிடுவார்கள். நானும் அப்படி எழுந்தவன்தான். கரகரப்பு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல், பின்னால் தகரத்தைத் தட்டுவது போல ஒரு பியானோ. இவரையா 'புளூஸின் பேரரசி' என்று கொண்டாடுகிறார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு நண்பர் வீட்டில், 1927-இல் பதிவான ஒரு பாட்டை யார் பாடுகிறார் என்று தெரியாமலே கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்ததில் காபி ஆறிப்போனது. அதே பெஸ்ஸி.

நான் தொடங்கிய இடம் தப்பு. அந்தத் தப்பை இன்னொருவர் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. செலவு வைக்கும் விஷயங்களைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதுவரை பையைத் திறக்க வேண்டாம்.

முதலில், எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெஸ்ஸி பிறந்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சாட்டனூகாவில். 1894 ஏப்ரல் 15 என்பது பரவலாக ஏற்கப்பட்ட தேதி. சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். தெருவில் பாடிக் காசு சேர்த்து, ஊர் ஊராகப் போகும் கூடார நிகழ்ச்சிகளில் சேர்ந்து, மா ரெய்னி போன்ற மூத்தவர்களோடு மேடையேறி வளர்ந்தவர். 1923-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கினார். 1931-இல் அந்த நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1933-இல் ஓக்கே லேபிளுக்கு (தட்டு வெளியிடும் இன்னொரு பெயர்) நாலே நாலு பாட்டு. 1937 செப்டம்பர் 26 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் கார் விபத்தில் இறந்தார்.

பத்து ஆண்டுகளில் சுமார் 160 பாட்டுகள். அந்தக் காலப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், அதாவது ஒரு பாட்டுதான், பிடிக்கும். ஆக மொத்தப் பெஸ்ஸியும் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடுவார். சேகரிக்கத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி. கரை தெரிகிற குளம்.

1925 மே மாதத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த ஒரு தேதி தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அதற்கு முன்பு ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலை இல்லை. பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்கு முன் நின்று பாடுவார். அந்தக் காற்றதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் பள்ளம் கீறும். மெல்லிய ஓசைகள் பதிவாகாது. அடிக்குரலும் உச்சஸ்தாயியின் மினுக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். முழக்கமான வாத்தியம் வந்தால் ஊசி தாவிவிடும். 1925 தொடக்கத்தில் கொலம்பியா, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மைக்ரோபோன் முறைக்கு மாறியது. பெஸ்ஸி முதன்முதலாக மைக் முன்னால் நின்றது 1925 மே 5-இல்.

எதிரொலியை அடக்குகிறோம் என்று சொல்லி ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே பொறியாளர்கள் ஒரு கூடாரம் கட்டினார்களாம். பாதியில் அது பாடகி, வாத்தியக்காரர்கள் எல்லார் தலையிலும் சரிந்து விழுந்ததாம். அன்று பதிவானவற்றில் 'எல்லோ டாக் புளூஸ்' உடனே வெளிவந்தது. 'கேக் வாக்கிங் பேபீஸ்' பெட்டகத்தில் தூங்கி, பெஸ்ஸி இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1940-இல்தான் வெளியே வந்தது.

ஆக, தொகுப்பை முதலிலிருந்து கேட்பவர் முதல் இரண்டு ஆண்டுப் பாட்டுகளையும் தகரக் குழல் வழியாகவே கேட்கிறார். பழகாத காதுக்கு அது தண்டனை.

கேட்கும் வரிசை

முதல் பாட்டு: 'பேக் வாட்டர் புளூஸ்', 1927 பிப்ரவரி 17. ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ, பெஸ்ஸியின் குரல், வேறொன்றும் கிடையாது. வெள்ளத்தில் வீடிழந்த ஒரு பெண்ணின் பாட்டு. புளூஸ் கட்டுமானத்தைப் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை: ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதற்குப் பதில் சொல்லும் மூன்றாவது வரி. அந்த இரண்டாம் முறையைக் கவனியுங்கள். சொல் மாறாது, இழுப்பு மாறும், அழுத்தம் இன்னோர் அசையில் விழும். பியானோவின் இடது கையில் தண்ணீர் உருண்டுகொண்டே இருக்கும். அதே ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்ததால் பாட்டு அதைப் பற்றியது என்று பலரும் எழுதுவார்கள். தேதியைப் பாருங்கள்: பெருவெள்ளத்தின் உச்சம் அந்த ஏப்ரலில். பாட்டு பிப்ரவரியிலேயே பதிவாகிவிட்டது. தேதி பார்க்கும் பழக்கம் இங்கிருந்தே தொடங்கட்டும்.

இரண்டாவது: 'நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்', 1929 மே 15. காசிருந்தபோது கூட இருந்தவர்கள் காசு போனதும் காணாமல் போவதைப் பற்றியது. பங்குச் சந்தை சரிந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. சில இடங்களில் சொற்களை விட்டுவிட்டு வெறும் முனகலாக வரியை முடிப்பார். அந்த முனகலுக்காகவே இந்தப் பாட்டைப் பத்து முறை கேட்கலாம்.

இந்த இரண்டையும் ஒரு வாரம் கேளுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

பிறகு பின்னோக்கி, 'செயின்ட் லூயிஸ் புளூஸ்', 1925 ஜனவரி 14. இது தகரக் குழல் பதிவு. ஆனால் இப்போது உங்கள் காது குரலை அடையாளம் கண்டுவிட்டதால் கரகரப்பைத் தாண்டிப் போகும். கார்னெட் என்ற டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியத்தை வாசிப்பவர் பிற்பாடு ஜாஸில் பெயர்பெற்ற லூயி ஆர்ம்ஸ்ட்ராங், அப்போது 23 வயது. பின்னால் ஃபிரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம் நாடகக் கொட்டகை ஆர்மோனியம் மாதிரியே இழுத்துக்கொண்டு போகும். பெஸ்ஸி ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் ஆர்ம்ஸ்ட்ராங் அந்த வரிக்குப் பதில் வாசிப்பார். கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக்கொள்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இருவரும் சேர்ந்து பதிவு செய்தவை மொத்தம் ஒன்பது பக்கங்கள்தான், எல்லாம் 1925-இல். ஒன்பதையும் தேடிக் கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சோதனை. 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' முடிந்ததும் கூடாரம் விழுந்த நாளில் பதிவான 'எல்லோ டாக் புளூஸ்' போடுங்கள். இரண்டும் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியவை. இடையில் நாலு மாதம்கூட முழுதாக இல்லை. மைக் என்ன செய்தது என்று எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்கு இந்த ஆறு நிமிடம் சொல்லிவிடும்.

அதற்கப்புறம்தான் 1923. அவருடைய முதல் தட்டு 'டவுன் ஹார்ட்டட் புளூஸ்', பிப்ரவரி 16, கிளாரன்ஸ் வில்லியம்ஸ் பியானோ. முந்தைய நாள் முயன்றவை எதுவும் தேறவில்லை. பாட்டை எழுதியவர்கள் ஆல்பர்ட்டா ஹண்டரும் லவ்வி ஆஸ்டினும். ஹண்டர் முந்தைய ஆண்டே பாடி வெளியிட்டுவிட்டார். ஊரெல்லாம் கேட்டுவிட்ட பாட்டைப் பாடித்தான் பெஸ்ஸி நுழைந்தார். ஆறு மாதத்தில் 7,80,000 தட்டுகள் விற்றதாகக் கணக்கு சொல்வார்கள். ஒரு பக்கத்துக்கு அவருக்குக் கிடைத்தது 125 டாலர், ராயல்டி கிடையாது.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு தட்டுக்கு இரண்டு வகை எண்கள் உண்டு. தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் பெரிதாக இருப்பது வெளியீட்டு எண். கடைக்காரர் தட்டைத் தேடி எடுக்க உதவுவது. 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' தட்டுக்கு அது 14064-டி. கறுப்பினத்தவர்க்கு விற்பதற்காக கொலம்பியா தனியாக ஒதுக்கிய 14000-டி வரிசையில் வந்தது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இனத் தட்டுகள்) என்றே அதற்குப் பெயர். கடை அலமாரியிலும் ஒரு தீண்டாமை.

இரண்டாவது மேட்ரிக்ஸ் எண். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எண். லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் கீறியிருக்கும். 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பக்கத்துக்கு 140241. இந்த எண்தான் பாட்டின் பிறப்புச் சான்றிதழ். லேபிள் மாறும், மறுபதிப்பு வரும், வெளியீட்டு எண் மாறும். மேட்ரிக்ஸ் எண் கூடவே வரும். பக்கத்திலேயே டேக் எண்ணும் இருக்கும். ஒரே நாளில் எத்தனையாவது முறை பாடியது என்பதை அது சொல்லும். இரண்டு டேக்குகள் வெளியான பாட்டுகள் கைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கொலம்பியாவின் மின்சாரப் பதிவுகளில் அதே வழுவழுப்புப் பகுதியில் வட்டத்துக்குள் ஒரு டபிள்யூ இருக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் குறி. லேபிளில் 'விவா-டோனல்' என்றும் போட்டிருப்பார்கள்.

எந்த எண் எந்தத் தேதி என்று பார்க்க, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் பட்டியலொன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாடகர் பெயரைத் தட்டினால் தேதி, ஊர், உடன் வாசித்தவர்கள், டேக்குகள் எல்லாம் வந்துவிடும். நான் ஒவ்வொரு கோப்புக்கும் பெயரை இப்படி வைக்கிறேன்: தேதி, மேட்ரிக்ஸ் எண், பாட்டு, வாசித்தவர். பாட்டின் பெயரை முன்னால் வைத்தால் அகரவரிசையில் எல்லாம் கலந்து, 1923-உம் 1931-உம் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும்.

எல்லா ஸ்மித்தும் பெஸ்ஸி இல்லை

1920-களில் புளூஸ் பாடிய ஸ்மித் பெண்கள் ஒரு பட்டாளம். மேமி ஸ்மித், கிளாரா ஸ்மித், டிரிக்ஸி ஸ்மித், லாரா ஸ்மித். யாரும் யாருக்கும் உறவில்லை. 1920 ஆகஸ்டில் 'கிரேஸி புளூஸ்' பாடி, கறுப்பினப் பெண்கள் பாடினால் தட்டு விற்கும் என்று கம்பெனிக்காரர்களுக்குக் காட்டியவர் மேமி. அவர் திறந்த கதவு வழியாகத்தான் மற்றவர்கள் வந்தார்கள். கிளாராவும் கொலம்பியாவுக்கே பாடினார். பெஸ்ஸியோடு சேர்ந்து பாடிய தட்டுகளும் உண்டு. மலிவு விலைக் குறுந்தகடு ஒன்றில் கிளாராவின் பாட்டைப் பெஸ்ஸி என்று போட்டிருந்ததை நான் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், அதைப் புகழ்ந்து நாலு பேரிடம் பேசவும் செய்தேன். மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

தட்டின் உறையில் அச்சிட்ட குறிப்புகளையும் அப்படியே நம்ப வேண்டாம். விபத்தன்று வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் பெஸ்ஸி ரத்தம் வடிந்து இறந்தார் என்ற கதை பழைய உறைகள் பலவற்றில் இருக்கும். 1937-இல் ஒரு ஜாஸ் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து பரவியது அது. விபத்து நடந்த இடத்துக்கு வந்த மருத்துவரே பிற்பாடு விளக்கமாகச் சொல்லிவிட்டார்: அவரை நேராகக் கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். நசுங்கிய வலது கையை எடுத்தும் உயிர் நிற்கவில்லை. நிறவெறி அந்த ஊரில் இல்லாமலில்லை. மருத்துவமனையே இரண்டாகப் பிரிந்திருந்ததே அதற்குச் சாட்சி.

காசில்லாமல் கேட்க

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுகள். அவர் காலத்தில் வெளிவந்த தட்டுகள் எல்லாம் இங்கே எப்போதோ விடுபட்டுவிட்டன. அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டாக விடுபடுகின்றன: 1923-இல் வெளியானவை 2024 ஜனவரியில், 1924-இல் வெளியானவை 2025-இல், 1925-இல் வெளியானவை 2026-இல். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தட்டிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுகள் கிடைக்கும். கரகரப்பை நீக்காத பதிப்பு இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளால் அளவுக்கு மீறித் துடைத்த பதிப்பில் கரகரப்போடு குரலின் மணலும் போய்விடும். எம்பி3-க்குப் பதில், ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்பு கிடைத்தால் அதுவே மேல்.

அவர் நடித்த ஒரே படமும் இருக்கிறது, 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்ற அதே பெயரில், 1929-இல் எடுத்த சுமார் 16 நிமிடக் குறும்படம். மதுக்கடைக் கவுண்டரில் சாய்ந்தபடி பாடுவார். அவர் அசைவதைப் பார்க்க வேறு படம் கிடையாது.

காசு கொடுத்து வாங்குவதானால்

முதலில் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டு) அல்லது குறுந்தகடு. 1970 முதல் 1972 வரை கொலம்பியா ஐந்து இரட்டை எல்.பி.களாக முழுவதையும் வெளியிட்டது. பழைய தட்டுக் கடைகளில் இன்றும் தட்டுப்படும். குறுந்தகட்டில் 1991 முதல் வந்த ஐந்து பெட்டிகள் உண்டு. இங்கிலாந்தின் ஃபிராக் லேபிள் எட்டுத் தகடுகளாகப் போட்டதும் உண்டு. பழந்தட்டுகளிலிருந்து ஒலியை மீட்பதில் பேர்போன ஜான் ஆர். டி. டேவிஸின் கைவண்ணம். எனக்கு ஒன்றுதான் என்றால் இதைத்தான் எடுப்பேன். எல்.பி. உறையில் 'ஸ்டீரியோவாக மாற்றியது' என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒற்றைத் தடத்தில் பதிந்ததை இரண்டாகப் பிரிக்க முடியாது. வெறும் எதிரொலிதான் மிஞ்சும்.

அசல் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத் தட்டு) ஆசை இதையெல்லாம் தாண்டி வரும். வந்தால், சில விஷயங்கள்.

பெஸ்ஸியின் 1923 முதல் 1927 வரையிலான தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றவை. ஆகவே இன்றும் விலை எட்டும்படிதான் இருக்கும். பொருளாதார மந்தம் வந்த பிறகு, 1930-31-இல் வந்தவை மிகக் குறைவாக அச்சானவை. அவை கிடைப்பது அரிது, விலையும் அதற்கேற்ப. 1940-களின் சிவப்பு லேபிள் மறுபதிப்பை அசல் என்று சொல்லி விற்பார்கள். கேட்க அது நன்றாகவே இருக்கும், ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள். தரம் குறிக்க விற்பவர்கள் மேலிருந்து கீழாக என், இ, வி, ஜி என்று எழுத்துப் போடுவார்கள். 'ஜி' என்றால் குட். அதை நல்லது என்று நினைத்து வாங்கினால் மழைச் சத்தத்துக்கு நடுவே பெஸ்ஸியைத் தேட வேண்டியிருக்கும். 'இ'க்குக் கீழே போகாதீர்கள். மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. உலகத்துக்கே அரக்கு போனதில் பெரும்பங்கு நம் கிழக்கிந்தியக் காடுகளிலிருந்து என்பதால், ஏதோ ஒரு பெஸ்ஸி தட்டில் சோட்டா நாக்பூர் மரத்துப் பூச்சியின் உழைப்பும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு சந்தோஷம். அரக்கு கீழே விழுந்தால் கண்ணாடி. எனக்கு வந்த முதல் தட்டை விற்றவர் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒற்றை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார். இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. பணம் அனுப்பும் முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள்: தட்டின் இரு பக்கமும் கெட்டி அட்டை, சுற்றிலும் குமிழிக் காகிதம், பெட்டிக்குள் பெட்டி.

துடைக்க ஸ்பிரிட் கூடவே கூடாது. ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்; தட்டும் அப்படியே கரையும். காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு, லேபிள் நனையாமல். அடுக்கும்போது புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டில் விரிசல் விடும்.

பாட்டுப் பெட்டியில் 78 வேகம் இருக்கிறதா என்று பாருங்கள், புதியவற்றில் பலதில் இல்லை. ஊசியும் வேறு: 78-க்கு மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை வேண்டும். எல்.பி. ஊசியைப் போட்டால் அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலை மட்டும் வாரிக்கொண்டு வரும். கைச்சாவி கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்த இரும்பு ஊசியும் கனமான தலையும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைத் தின்னும். அதற்கென்று ஏற்கெனவே தேய்ந்துபோன தட்டொன்றை ஒதுக்கிவிடுங்கள்.

வேகத்தில் ஒரு நுணுக்கம். 78 என்பது பெயருக்குத்தான். கொலம்பியாவின் தகரக் குழல் பதிவுகளுக்கு நிமிடத்துக்கு 80 சுற்றுதான் பொருத்தம். 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை இறங்கிவிடும், குரலும் சோம்பி நிற்கும். கணினியில் கேட்பவர்கள் வேகத்தை 2.5 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். 1923-இன் பெஸ்ஸி தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார்.

கடைசி நாலு பக்கங்கள்

எல்லாம் கேட்ட பிறகு 1933 நவம்பர் 24-க்கு வாருங்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு தட்டும் இல்லாதவரை இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் அழைத்து வந்தார். ஒரு பக்கத்துக்கு 125 டாலர் வாங்கியவருக்கு இப்போது 37.50. புளூஸ் வேண்டாம், காலம் சரியில்லை, குதூகலமாக ஏதாவது பாடலாம் என்றாராம் பெஸ்ஸி. டிராம்போனில் ஜாக் டீகார்டன், சாக்ஸஃபோனில் சூ பெர்ரி, ஒரு பாட்டில் மட்டும் கிளாரினெட்டோடு பென்னி குட்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். காது கூர்மையாக இருந்தால் 'கிம்மி எ பிக்ஃபுட்' பாட்டில் அவரைப் பிடிக்கலாம். குரல் கரடு தட்டியிருக்கும். தாளம் மட்டும் புதிது. அடுத்த பத்தாண்டின் ஸ்விங் என்ற துள்ளல் ஜாஸ் இசைக்கு நடுவில் நின்றுகொண்டு, அது தன் வீடு போலப் பாடுவார்.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, அதே ஹேமண்ட், அதே குட்மேன், அதே டீகார்டன், 18 வயதுப் பெண்ணொருத்தியை முதன்முதலாக மைக் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டின் பெயர் 'யுவர் மதர்ஸ் சன்-இன்-லா', பாடியவர் பிற்பாடு ஜாஸ் பாடகியாகப் பெயர்பெற்ற பில்லி ஹாலிடே. பெஸ்ஸியின் கடைசித் தட்டைப் போட்ட கையோடு அதையும் போட்டுக் கேளுங்கள்.